உரியும் உழக்கும் கற்றுத்தந்த பின்னக் கணக்கு

"கணக்கு எனக்கு வராதும்மா, விட்டுடு!"

ஆறாவது படிக்கும் என் மகன் இப்படிச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. இதே வார்த்தையை முப்பது வருஷத்துக்கு முன்னால் நானும் சொன்னவள்தானே! பின்னம் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். தட்டுத் தடுமாறிப் பத்தாவது முடித்ததோடு கணக்குக்கு ஒரு கும்பிடு போட்டேன். பிள்ளை சந்தேகம் கேட்டால், "டீச்சரையே கேளுடா" என்று அடுப்படிக்குள் நழுவிவிடுவேன்.

அவனுடைய அரையாண்டுத் தேர்வுத் தாளைப் பார்த்தேன். 1/2 உடன் 1/4 ஐக் கூட்டச் சொன்னதற்கு, மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/6 என்று எழுதியிருந்தான். தப்பு என்று எனக்குத் தெரிகிறது. ஏன் தப்பு என்று சொல்லத்தான் தெரியவில்லை.

இது 2025 பொங்கல் சமயத்தில் நடந்தது. பாலக்கோடு பக்கம் எங்கள் வீட்டில் போகிக்காகப் பரண் ஒழித்தோம். துருவேறிய படி, உரி, உழக்கு, ஆழாக்கு நாலும் வந்து விழுந்தன. "பழைய இரும்புக்குப் போட்டுடலாம்மா" என்றான் பையன்.

"எடுத்த இடத்துல வை சாமி! உங்க தாத்தா கேழ்வரகு அளந்த படி அது" என்று ஓடி வந்தார் என் மாமியார். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். திண்ணையில் உட்கார்ந்து, கேழ்வரகைக் கொட்டி, பேரனை அளக்கச் சொன்னார். "ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. ரெண்டு உழக்கு ஒரு உரி. ரெண்டு உரி ஒரு படி. ஆக, படிக்கு எட்டு ஆழாக்கு. சரியான்னு அளந்து பார்த்துக்கோ!"

எனக்குச் சட்டென்று ஒரு யோசனை. உரி என்பது அரைப்படி, உழக்கு என்பது கால்படி. பையன் தப்புச் செய்த கணக்கே இதுதானே! "ஒரு உரியும் ஒரு உழக்கும் படியில் கொட்டுடா" என்றேன். கொட்டினான்.

"உன் விடை 2/6. அப்படின்னா மூணில் ஒரு பங்கு. அரைப்படி போட்டு, அதுக்கு மேலே உழக்கும் போட்டிருக்கோம். அரையை விடக் குறைஞ்சா போகும்?"

திருதிருவென்று விழித்தான். அப்புறம் அவனே ஆழாக்கால் அளந்து எடுத்தான். உரிக்கு நாலு, உழக்குக்கு ரெண்டு, மொத்தம் ஆறு ஆழாக்கு. எட்டில் ஆறு, அதாவது முக்கால் படி! கீழே உள்ள பகுதி எண்ணைச் சமமாக்கச் சொல்வது வேறொன்றுமில்லை, இரண்டையும் ஒரே பாத்திரத்தால் அளப்பதுதான் என்பது எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது!

பெயரிலேயே கணக்கு

நம் தமிழ்ப் பெயர்களைக் கவனித்தீர்களா, சகோதரிகளே? மூன்று கால் சேர்ந்தால் முக்கால். காலில் பாதி அரைக்கால், அதாவது 1/8. அதிலும் பாதி மாகாணி, 1/16. வீசம் என்றும் சொல்வார்கள். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆனது. அதற்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆக, ஓரணா என்பது ரூபாயில் மாகாணி. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் 1/320 ஆன முந்திரி வரை எண்சுவடியில் மனப்பாடம் செய்தார்களாம்!

பண்டிகையே பாடமாச்சு

பொங்கலன்று அரைப்படி பச்சரிசி போட்டோம். பருப்பு அதில் நாலில் ஒரு பங்கு. அரைப்படியில் கால் பங்கு எவ்வளவு? உரியை ஆழாக்கால் அளந்து, நாலில் ஒன்றை எடுத்தான். ஒரு ஆழாக்கு! "பெருக்கினா பெரிசாகணுமே, 1/2 ஐ 1/4 ஆல் பெருக்கினா 1/8 ன்னு ஏம்மா சின்னதாச்சு?" என்று கேட்டான். "அரையில் கால் பங்கைத்தானே எடுத்தோம்" என்றேன். தலையாட்டினான்.

மாட்டுப் பொங்கலன்று ஒன்றரைப் படி பருத்திக்கொட்டையை உழக்கு உழக்காக அள்ளினான். ஆறு தடவை வந்தது. ஒன்றரையைக் காலால் வகுத்தால் ஆறு. வகுத்தும் எண் பெரிதாகிறதே என்று அவனுக்கு ஒரே ஆச்சரியம்!

காணும் பொங்கலன்று நாத்தனார் பிள்ளைகள் வந்தார்கள். அந்த வருஷம் ரேஷனில் ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரையோடு கொடுத்த முழுக் கரும்பு இருந்தது. "1/3 பெரிசா, 1/4 பெரிசா?" என்றேன். "மூணை விட நாலு பெரிசு, அதனால 1/4" என்றாள் சின்னவள். கரும்பின் நீளத்துக்கு இரண்டு நூல் எடுத்து, ஒன்றை மூன்றாகவும் மற்றதை நாலாகவும் மடித்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "ஐயோ, நாலு பேர்னா துண்டு சின்னது!" என்று கத்தினாள். கணுவை எண்ணி வெட்டப் போனவனை, "அடிக்கணு குட்டைடா! பங்குன்னா சமமா இருக்கணும்" என்று என் மகனே தடுத்தான்.

நீங்களும் செய்யலாம்

* படி இல்லையா? ஒரே அளவு டம்ளரால் எட்டு டம்ளர் கொள்ளும் பாத்திரம் போதும். படி அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதால் லிட்டரோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.
* படி அளவில் மூன்றில் ஒரு பங்கு வராது. அதற்கு நூலோ காகிதமோ மடியுங்கள்.
* முதலில் விடையைக் குத்துமதிப்பாகச் சொல்லச் சொல்லுங்கள். "அரைக்கு மேலயா, கீழயா?" என்று கேட்டாலே பாதித் தப்பு குறையும்.
* கையால் செய்ததை அன்றைக்கே நோட்டில் எண்ணாக எழுத வையுங்கள். இல்லாவிட்டால் விளையாட்டாகவே போய்விடும்.
* அரை மணி போதும். லீவு என்பது லீவுதான்!

என் மகன் முழு மார்க் வாங்கிவிட்டான் என்று கதை விட மாட்டேன். இன்னும் தப்புச் செய்கிறான். ஆனால் "வராது" என்ற சொல் அவன் வாயிலிருந்து போய்விட்டது, என் வாயிலிருந்தும்தான்.

லீவு முடியும் முன், வாசலில் கோலமாவால் 3/4 என்று எழுதி ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினான். மாமியார் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இதுதானா முக்கால்? இத்தனை வருஷமா அளந்தேன், எழுதினா எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். மறுநாள் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போய்த்தான் வாசல் பெருக்கினார்.