சென்னை டூ கொடைக்கானல்: பிளைட்ல போனா எவ்வளவு நேரம் ஆகும்? இந்தக் கணக்கைப் பார்த்துட்டு டிக்கெட் போடுங்க!

சம்மர் லீவு வந்தாலே கூகுளில் நம்ம ஆட்கள் தேடுற கேள்வி இது. சட்டுனு பதில் சொல்லணும்னா, கொடைக்கானலுக்கு விமானமே கிடையாது. மலை மேல ஏர்போர்ட் இல்லை, ரயில் நிலையமும் இல்லை. பக்கத்துல இருக்கிறது மதுரை விமான நிலையம்.

சென்னையில் இருந்து மதுரைக்கு வான்வழி தூரம் சுமார் 420 கி.மீ. பயண நேரம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். இதைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. அங்கிருந்து கொடைக்கானலுக்கு சாலையில் சுமார் 120 கி.மீ. போகணும், அதுக்கு மூன்றரை மணி நேரம் வரை ஆகும். சென்னை ஏர்போர்ட்டில் முன்கூட்டியே போய்க் காத்திருக்கிற நேரத்தையும் சேர்த்தா ஏழு மணி நேரம் தாராளமா ஓடிடும். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிப் படுத்தா விடியறதுக்குள்ள கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன். பேரில் கொடைக்கானல் இருக்கே தவிர, அங்கிருந்தும் சுமார் 80 கி.மீ. இருக்கு! தெரியாம இறங்கி முழிச்சவங்க நிறைய பேர்.

ஏன் இவ்வளவு நேரம்?

விஷயம் தூரத்தில் இல்லை, உயரத்தில் இருக்கு. கொடைக்கானல் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். பழனியையே எடுத்துக்கோங்க. வரைபடத்தில் ஸ்கேல் வச்சு அளந்தா கொடைக்கானல் 24 கி.மீ. தான். ரோட்டில் போனா சுமார் 64 கி.மீ., ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். பெரியகுளம் கதை இன்னும் மோசம். நேர்கோட்டில் 15 கி.மீ. கூட இல்லை. ஆனா வண்டியில் வழக்கமான மெயின் ரோட்டில் போனா காட்ரோடு வந்து, மலை ஏறி, பெருமாள்மலை வழியா சுத்திப் போகணும்.

1845-ல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவங்க இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினப்போ இந்த ரோடே கிடையாது. மாட்டு வண்டியில் அடிவாரம் வந்து, அங்கிருந்து நடந்தோ, டோலியில் உட்கார்ந்தோதான் மலை ஏறினாங்க. டோலியைத் தூக்கினவங்க பேர் எந்த வரலாற்றிலும் இல்லை. மேஜர் லா என்பவர் பேரில் 'லாஸ் காட்' ரோடு வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். இன்னைக்கு நாம வாந்தி எடுத்துக்கிட்டே போற வத்தலக்குண்டு மலைப்பாதை அதுதான்.

டூரிஸ்ட்டுக்கு இது ஒருநாள் தலைசுற்றல். மலையில் வாழறவங்களுக்கு அப்படி இல்லை. பெரிய சிகிச்சைன்னா தேனிக்கோ, திண்டுக்கல்லுக்கோ, மதுரைக்கோ இறங்கணும். சீசன் நேரத்தில் ஆம்புலன்ஸும் அதே கார் வரிசையில்தான் நிக்கணும். பயண நேரம்கிறது அவங்களுக்கு வேற அர்த்தம்.

2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரலில் இருந்து கோடை சீசனுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வாகனங்கள்னு உச்சவரம்பும் வச்சாங்க. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால மதுரைக்கு பிளைட் டிக்கெட் போடறதுக்கு முன்னாடி, மலை ஏறப்போற காருக்கு இ-பாஸ் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா வத்தலக்குண்டுல இருந்து அரசு பஸ் இருக்கு, ஜன்னல் சீட்டா பார்த்துப் பிடிச்சுக்கோங்க.