சம்பளத்தில் பிடித்த வரி திரும்பக் கிடைக்குமா?

"வருமான வரியா? அது துரைமாருக்கும் கடை முதலாளிக்கும் உள்ள சங்கதி, நமக்கு என்ன வந்தது?" என்று தோட்டத்தில் பேசிக்கொள்வது பழைய வழக்கம். 1947-இல் வரிச் சட்டம் வந்த காலத்தில் அது சரியான பேச்சுதான். தோட்டத்து வேலையை மட்டும் பார்த்தால் இன்றைக்கும் பெரும்பாலும் சரிதான். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. வருடத்துக்கு 20,400. அதில் தனிநபர் கழிவு 9,000, சேமநிதிச் சந்தா 2,244 போனால் மிஞ்சுவதற்கு வரி 42 வெள்ளிதான். 400 வெள்ளி தள்ளுபடியில் அதுவும் போய்விடும்.

பிள்ளைகள் கதை வேறு. நிபோங் திபால், பத்து காவான் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று தொழிற்சாலைகளில் நிற்கிறார்கள். 1972-இல் பாயான் லெப்பாசில் தொடங்கியது, இப்போது பத்து காவானிலேயே செம்பனை நின்ற இடத்தில் கம்பெனிகள் வந்துவிட்டன. ஓவர்டைம் சேர்ந்து சம்பளம் ஏறினால் சம்பளச் சீட்டில் 'பி.சி.பி.' என்று ஒரு பிடித்தம் வரும். 1995 முதல் இருக்கிற மாத வரிப் பிடித்தம் இது. "பிடிச்சது பிடிச்சதுதான், அரசாங்கத்துக்குப் போன காசு வருமா?" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். வரும். ஆனால் நாம் கேட்டால்தான் வரும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மாதம் 4,500 வாங்கும், கல்யாணம் ஆகாத பையன். வருடத்துக்கு 54,000. தனிநபர் கழிவு 9,000, சேமநிதிக்கு 4,000 (சந்தா எவ்வளவு கட்டினாலும் கழிவு அவ்வளவுதான்). மீதி 41,000. இதற்கு வரி 960 வெள்ளி. மாதம் 80 வீதம் பிடித்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதே பையன் தோட்டத்தில் இருக்கும் அம்மாவின் வைத்தியத்துக்கு 3,500 செலவழித்திருக்கிறான். ஆயுள் இன்சூரன்ஸ் 1,200. கைப்பேசி, இன்டர்நெட் பில் 1,500. மூன்றுக்கும் கழிவு உண்டு. பெற்றோர் வைத்தியத்துக்கு 8,000 வரை, ஆயுள் இன்சூரன்சுக்கு 3,000 வரை, கைப்பேசி, புத்தகம், இன்டர்நெட் எல்லாம் சேர்த்து 2,500 வரை. வைத்தியம் மலேசியாவில் நடந்திருக்க வேண்டும், டாக்டர் சான்றும் வேண்டும். இந்த 6,200 போனால் மீதி 34,800.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மீதி 35,000-ஐத் தாண்டாவிட்டால் அந்த 400 வெள்ளி தள்ளுபடி இவனுக்கும் கிடைக்கும். வரி 594, தள்ளுபடி போக 194. பிடித்தது 960. ஆக 766 வெள்ளி திரும்ப வர வேண்டும். ரசீதைக் குப்பையில் போட்டிருந்தால் இந்தக் காசும் குப்பையில்தான்.

வருஷ நடுவில் வேலைக்குச் சேர்ந்தவரும் கவனிக்கணும். ஜூலையில் சேர்ந்தவருக்கு அட்டவணையைப் பார்த்து மாதம் 80 பிடித்தால் டிசம்பரில் 480 ஆகிவிடும். ஆனால் ஆறு மாதச் சம்பளம் 27,000-க்கு வரியே கிடையாது. முழுவதும் அவருடைய காசு.

எப்படிக் கேட்பது? பிப்ரவரி முடிவதற்குள் முதலாளி 'இ.ஏ.' பாரம் கொடுத்தாக வேண்டும், சட்டம் அப்படி. அதைப் பார்த்து 'பி.இ.' பாரத்தை நிரப்ப வேண்டும். கெடு ஏப்ரல் 30. கம்ப்யூட்டர் வழி அனுப்புகிறவர்களுக்கு மே 15 வரை தவணை தருகிறார்கள். பேங்க் கணக்கு எண்ணை இரண்டு தரம் சரிபாருங்கள், காசு அதில்தான் வந்து விழும். ஒரே முதலாளியிடம் வருடம் முழுக்க வேலை செய்தவர் பாரம் அனுப்பாமல் பிடித்தத்தையே முடிவான வரியாக விடலாம் என்று 2014 முதல் ஒரு சலுகை உண்டு. என்னைக் கேட்டால் அது சோம்பேறிக்குத் தரும் சலுகை, அதில் ரீபண்ட் கிடையாது. ரசீதுகளை ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும், பழைய பிஸ்கட் டின் போதும்.

பெரியவர்கள் கேட்கும் கேள்வி வேறு. 55 வயதில் எடுக்கும் சேமநிதிக்கு வரி உண்டா? கிடையாது. வருடா வருடம் சேரும் லாபத்துக்கும் கிடையாது. தோட்டம் கைமாறி வேலை போய் நஷ்டஈடு வந்தால்? முழுதாகச் செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 10,000 வெள்ளி வரை வரி விலக்கு. 1980 விதிப்படி ஐந்து வருஷத்துக்கு மேல் உழைத்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம். இருபது வருஷத்துக்கு 400 நாள் சம்பளம் ஆகும், நாளுக்கு 65 வெள்ளி என்றால் 26,000. விலக்கோ 2 லட்சம். யாராவது அதில் "வரி" என்று கை வைத்தால் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது "உங்களுக்கு வரி ரீபண்ட் வந்திருக்கு, இங்கே தட்டுங்க" என்று கைப்பேசிக்குச் செய்தி வருகிறது. தட்டாதீர்கள். வருமான வரி வாரியம் பேங்க் பாஸ்வேர்டையோ கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணையோ கேட்காது. சந்தேகம் இருந்தால் அடையாளக் கார்டை எடுத்துக்கொண்டு வாரியத்தின் கிளைக்கே போய்க் கேளுங்கள்.