உங்களுக்குத் தெரியுமா? பாட்டுக்கு நிறம் மாறும் கார் விளக்கு

வாழப்பாடி வழியாக உளுந்தூர்ப்பேட்டை போகும் சாலையில், பாட்டுக்கேற்ப உள்விளக்கு நிறம் மாறும் கார் ஒன்று கடந்தால் கவனியுங்கள். அந்த விளக்குக்குப் பாட்டு தெரியாது, அதிர்வெண்தான் தெரியும். எம்எஸ்ஜிஇக்யூ7 என்ற எட்டுக்கால் சிப், ஓசையை 63 முதல் 16,000 ஹெர்ட்ஸ் வரை ஏழு பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வலுவையும் மின்னழுத்தமாகத் தரும். தவிலின் கனத்த தொப்பி அடிக்குச் சிவப்பு, ஜால்ராவுக்கு நீலம் என்று நிறம் வைப்பது செய்பவரின் ரசனை. அந்த நீலம் அரிய சாதனை: பிரகாசமான நீல எல்இடி 1990களில்தான் வந்தது, 2014இல் அதற்கு நோபல் பரிசே கிடைத்தது.

இப்படி விளக்குகளை நீங்களே பொருத்துவதானால், சாதாரண 12 வோல்ட் எல்இடி பட்டையில் மூன்று விளக்குக்கு ஒரு வெட்டுக்கோடு இருக்கும். அதில்தான் வெட்ட வேண்டும். தள்ளி வெட்டினால் அந்த மூன்றும் எரியாது. இன்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தொடும், ஆகவே ரெகுலேட்டர் நல்லது. பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் கட்டாயம்: அது இல்லாமல் ஒயர் பாடியில் உரசித் தோல் உரிந்தால் தீப்பிடிக்கலாம்.

எல்லாம் காருக்குள்ளேயே இருக்கட்டும். வண்டியின் முன்புறம் சிவப்பு விளக்கு காட்டுவதை 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் தடுக்கின்றன.