ஒன்பதாவதாக வந்தவருக்குத் தங்கம்

பாய்மரப் படகுப் பந்தயத்தை டிவியில் பார்த்தால் யார் முந்துகிறார் என்றே பிடிபடாது. புள்ளிக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக விளங்கும். ஒலிம்பிக்கில் பல நாட்களுக்குப் பல பந்தயங்கள். முதலாவதாக வந்தால் 1 புள்ளி, பதினைந்தாவதாக வந்தால் 15. பெரும்பாலான பிரிவுகளில், கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ அவருக்கே தங்கம். மோசமாகப் போன பந்தயத்தைக் கழித்துவிடவும் இடமுண்டு. 2000 சிட்னியில் இரண்டைக் கழிக்க முடிந்தது.

இந்தக் கணக்கோடு வாழ்ந்தவர் பிரிட்டனின் பென் ஐன்ஸ்லி. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அவருக்கு வயது 19. கடைசிப் பந்தயத்தில், புள்ளிக் கணக்கில் முன்னிலையில் இருந்த பிரேசிலின் ராபர்ட் ஷெய்ட் புறப்பாட்டுக் கோட்டை முன்கூட்டியே தாண்ட, ஐன்ஸ்லியும் கூடவே தாண்டினார். இருவருமே தகுதிநீக்கம். ஷெய்டுக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை, தங்கம் அவருக்கே.

சிட்னியிலும் கடைசிப் பந்தயத்துக்கு முன் ஷெய்டே முன்னிலை. அவர் வெகுவாகப் பின்தங்கினால்தான் தங்கம் கைமாறும். ஐன்ஸ்லி பந்தயத்தை விட்டுவிட்டு அந்த ஒரு மனிதரைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் ஓட்டிய லேசர் படகில் ஓர் ஆள், ஒரே பாய். நீளம் நாலேகால் மீட்டர்தான். காற்று வரும் பக்கத்தில் ஒரு படகு போய் நின்றுகொண்டால், மின்விசிறியை மறைத்து ஆள் நின்றதுபோல, அடுத்த படகின் பாய்க்குக் கலைந்த காற்றுதான் கிடைக்கும். ஷெய்ட் திரும்பிய பக்கமெல்லாம் ஐன்ஸ்லியும் திரும்பினார். மற்ற படகுகள் போய்க்கொண்டே இருந்தன. இந்தப் பந்தயம் பற்றிய நடுவர் விசாரணையும் முடிந்த பிறகு தங்கம் ஐன்ஸ்லிக்கு. இது விளையாட்டுக்கு அழகா என்று கேட்டவர்கள் உண்டு. விதிக்குள் நின்று, இத்தனை தெளிவாக யோசித்து ஆடிய ஆட்டத்தை நான் மனமாரப் பாராட்டுவேன்.

பிறகு உடல் எடையைக் கூட்டிக்கொண்டு கனமான ஃபின் படகுக்கு மாறினார். 2004, 2008 இரண்டிலும் தங்கம்.

2012 ஒலிம்பிக்கில், பிரிட்டனின் வேமத் கடலில் டென்மார்க்கின் யோனாஸ் ஹோ-கிறிஸ்டென்சன் முதல் ஆறு பந்தயங்களிலும் அவரை முந்தினார். விடாமல் துரத்தியும், இறுதிப் பந்தயத்துக்கு வரும்போது ஐன்ஸ்லி 2 புள்ளி பின்னால்தான். இறுதிப் பந்தயத்தில் பத்துப் படகுகள் மட்டுமே; புள்ளி இரட்டிப்பு; கழிக்கவும் முடியாது. ஐன்ஸ்லி டென்மார்க்காரரை விட்டு அகலவே இல்லை. இதற்கிடையில் தங்கத்தைத் தட்டிச் செல்லும் நிலைக்கு வந்த நெதர்லாந்து வீரர், நியூசிலாந்துப் படகில் இடித்துத் தண்டனைச் சுற்று சுற்ற நேர்ந்தது. ஐன்ஸ்லி ஒன்பதாவது, அதாவது 18 புள்ளி. டென்மார்க்காரர் பத்தாவது, 20 புள்ளி. கூட்டிப் பார்த்தால் இருவருக்கும் 46. சமமானால் இறுதிப் பந்தயத்தில் முந்தியவருக்கே தங்கம் என்பது விதி. ஐன்ஸ்லியின் நான்காவது தங்கம் அது.