செங்குழியச் சிதைவும் அதனைக் குறிக்கும் சொற்களும்: கல்முனைப் பகுதியை முன்வைத்து ஒரு நோக்கு

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை முதலிய ஊர்களிலே பிள்ளை வெளிறிச் சோர்ந்தால் ‘இரத்தம் குறைவு’ என்பர். கண் மஞ்சளித்தால் ‘செங்கண்மாரி’ என்பர். இவ்விரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு தோற்றங்களாகவும் இருத்தல் கூடும் என்பதை இச்சொற்கள் புலப்படுத்துவதில்லை.

செங்குழியம் ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து மண்ணீரலிலும் ஈரலிலும் அழிகின்றது. என்பு மச்சையின் ஆக்கத்தை இவ்வழிவு விஞ்சும்போது சோகை உண்டாகின்றது. ஈமோகுளோபினிலிருந்து தோன்றும் பிலிரூபின் மிகும்போது கண் மஞ்சளாகின்றது. மருத்துவர் இதனை ஈமோலைசிசு என்பர். ‘லைசிசு’ என்னும் கிரேக்கச் சொல் அவிழ்தலைக் குறிப்பது. நீர்ப்பகுப்பு, மின்பகுப்பு என்பவற்றையொட்டிக் ‘குருதிப்பகுப்பு’ எனலாமே என்பார்க்கு நாம் உடன்படோம். அது குருதிப் பரிசோதனையையே நினைவூட்டும். ‘குருதிச் சிதைவு’ என்பதோ குருதி முழுவதும் கெட்டுவிட்டதென்ற அச்சத்தை விளைக்கும். சிதைவது குழியமே, ஆதலின் ‘செங்குழியச் சிதைவு’ என்பதே எமக்கு ஏற்புடையது. மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீனின் (1822–1884) பணிக்குப் பின்னரும் இத்தகைய ஐயங்கள் தீர்ந்தபாடில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. ‘இரத்தம் குறைவு’ என்றதும் தாய் இரும்புச்சத்து மருந்தை நாடுவாள். உணவிற் குறைபாடுள்ள பிள்ளைக்கு அது பயன்தரும். தலசீமியாப் பிள்ளைக்கோ இரும்பு குறைவதில்லை, மிகுகின்றது. ஏற்றப்படும் ஒவ்வோர் அலகு குருதியிலும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உண்டு. உடல் நாளொன்றுக்கு வெளியேற்றுவதோ ஒன்றிரண்டு மில்லிகிராமே. எஞ்சியது இருதயத்திலும் ஈரலிலும் படிகின்றது.

இப்பகுதி முஸ்லிம்களின் குடிமுறை தாய்வழிப்பட்டது. ஒரே குடிக்குள் மணம் செய்யாமை மரபு. நெருங்கிய இரத்த உறவை இது விலக்குகின்றதென எண்ணுவோர் உளர். ஆனால் மாமன் மகள் வேறு குடியினளாயினும், அவளும் மாப்பிள்ளையும் ஒரே பாட்டனிடமிருந்து தலசீமியாப் பரம்பரையலகைப் பெற்றிருத்தல் கூடும். அவ்வலகு இரு பெற்றோர் வழியும் வருவது. குடியோ ஒருவழியை மட்டுமே எண்ணுகின்றது. காவியர் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

ஜீ-6-பீடி நொதியக் குறைபாடு வேறுவகை. அது எக்ஸ் நிறமூர்த்தத்திலுள்ளதாதலின் ஆண் பிள்ளைக்குத் தாயிடமிருந்தே வரும். மலேரியாவுக்கான பிறைமாகுயின் இக்குறைபாடுடையோரின் செங்குழியங்களைச் சிதைக்கும். இலங்கை 2016இல் மலேரியா ஒழிந்த நாடெனச் சான்று பெற்றமையால் அம்மாத்திரையின் தேவை அருகிவிட்டது. ஆயின் அலுமாரியில் இடும் நப்தலீன் உருண்டை இன்னும் உண்டு. அதனுடன் வைத்த துணியாற் பச்சிளங் குழந்தையைப் போர்த்துவதும் இதே சிதைவைத் தூண்டவல்லது. அவ்வேளை சிறுநீர் கருந்தேநீர் நிறமாகும்; ‘செங்கண்மாரி’க்கு மூலிகை தேடிக் காலங்கடத்தாது வைத்தியசாலைக்கு விரைய வேண்டிய அறிகுறி அதுவே.