வாங்குவோரை மதிப்போம், வருமானம் பெருக்குவோம்

உழவர் பெருமக்கள் விளைவிப்பதில் காட்டும் அக்கறையை விற்பனையிலும் காட்டுதல் வேண்டும். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரையில் திறக்கப்பட்டது. அடையாள அட்டை பெற்ற உழவர் அங்கு வாடகையின்றிக் கடை வைக்கலாம். தராசும் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. அன்றைய விலை பலகையில் எழுதப்படும். இடைத்தரகர் இல்லாததால் வாங்குபவரின் நிறைகுறைகளை உழவரே நேரில் கேட்க நேரிடுகிறது.

பொன்னேரிக் கடைத்தெருவில் காய்கறி விற்போருக்கும் இது பொருந்தும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் பணிபுரிவோரில் வடமாநிலத்தவரும் பலர். தமிழ் தெரியாதவர் என்பதற்காக விலையைக் கூட்டுவதோ, சொத்தைக் காயைத் தள்ளிவிடுவதோ கூடாது. உரம் வாங்கச் சென்ற கடையில் நம்மைக் காக்க வைத்து, கேட்டதற்குப் பதிலும் சொல்லாவிட்டால் மனம் எவ்வளவு வருந்தும்? அதை நினைவிற்கொண்டு பிறரை நடத்துதல் நலம்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. பூச்சிக்கொல்லி தெளித்தபின், மருந்துப் புட்டியின் சீட்டில் குறித்துள்ள காத்திருப்புக் காலம் முடிந்த பின்னரே காய் பறிக்க வேண்டும். மருந்தின் எச்சம் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாது. உழவரின் நேர்மை ஒன்றே அவருக்குக் காவல்.

2. கத்தரியில் துளை விழுந்த காய்களை நீக்கி, எஞ்சியவற்றைத் தரம் பிரிக்கவும். மேலே நல்ல காயும் அடியில் வதங்கிய காயும் வைத்தல் ஆகாது. இரண்டாம் தரத்தை அவ்வாறே சொல்லிக் குறைந்த விலைக்கு விற்கலாம்.

3. கீரையை அதிகாலையில் பறித்து, ஈரச் சாக்கால் மூடிக் கொண்டு செல்லவும்.

4. முத்திரையிட்ட தராசையே பயன்படுத்தவும். எடை காட்டும் பக்கம் வாங்குபவரை நோக்கி இருக்கட்டும்.

5. குறை கூறி வருபவரிடம் வாதிடாமல் காயை மாற்றிக் கொடுக்கவும். அரைக் கிலோ காயால் வரும் நட்டம் சிறிது. வாடிக்கையாக வாங்கும் குடும்பத்தை இழப்பதோ பெரிது.

சந்தையில் பழகிய இந்நெறி வயலிலும் தொடர வேண்டும். நடவுக்கும் களையெடுப்புக்கும் வருவோருக்குப் பேசிய கூலியை அன்றன்றே கொடுத்து, குடிநீரும் நிழலும் அளித்து, மரியாதையுடன் பேசுதல் நம் கடமை. அவர்கள் நம்மிடம் காய் வாங்க வந்தவர்கள் அல்லர் என்பதால் மதிப்பில் குறைவு வைக்கலாகாது. ஆள் தட்டுப்பாடு மிகுந்த நடவுப் பருவத்தில், நன்கு நடத்துபவரின் வயலுக்கே அவர்கள் முதலில் வருவர்.