நான் நண்டு, அவள் கெளுத்தி!

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள தோணிரேவு எங்கள் ஊர். 1989-ல் தருமபுரியில் தொடங்கி, தமிழ்நாடெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழு எங்கள் தெருவிலும் அமைந்தது. முதல் கூட்டத்தில் 15 பேரும் ஆளுக்கொரு பக்கம் உம்மென்று உட்கார்ந்திருந்தோம். குழாயடிச் சண்டையால் 2 வருடமாக என்னோடு பேசாத பக்கத்து வீட்டுக்காரியும் வந்திருந்தாள்.

பயிற்சி கொடுக்க வந்த பெண், "கணக்கு வழக்கெல்லாம் அப்புறம். நீங்க ஒவ்வொருத்தரும் எந்த மீன் மாதிரி, ஏன்னு சொல்லுங்க" என்றார்.

ஒரு பாட்டி, "நான் மடவை. வலையைத் துள்ளித் தாண்டிடுவேன்" என்றதும் ஒரே சிரிப்பு. பக்கத்து வீட்டுக்காரி, "நான் கெளுத்தி. முள்ளு குத்தும். ஆனா குழம்பு வெச்சா ருசி" என்றாள். என்னையும் அறியாமல் சிரித்துவிட்டேன். என் முறை வந்தது. "நான் நண்டு. பிடிச்சா விடமாட்டேன்" என்றேன். "தெரியுமே! அன்னிக்குக் குடத்தையே விடலையேக்கா!" என்றாள்.

அன்று இருவரும் சேர்ந்தே வீடு திரும்பினோம். பிறகு என் மகளின் படிப்புக்காகக் குழுவில் கடன் கேட்டபோது, "அக்காவுக்கு முதல்ல கொடுங்க" என்று சொன்னவளும் அவள்தான்.

சகோதரிகளே, புதிதாகக் குழு தொடங்கினால், கணக்கு நோட்டைத் திறக்கும் முன் இதை விளையாடிப் பாருங்கள். காசு செலவில்லை. மீன் பழக்கமில்லாத ஊரென்றால் காய்கறி பெயர் சொல்லலாமே!

- ஒரு வாசகி, தோணிரேவு.